கேமராவுக்குத் தெரியாத லென்ஸ்

போட்டோ தொழிலில் இருப்பவர்களுக்கு முதல் பந்தியில் இடம் கிடைக்காது, கடைசிப் பந்தியில் பாயசம் கிடைக்காது. இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தோள்வலி, முழங்கால் வலி, ‘ஆல்பம் இன்னும் வரலையா’ என்று வரும் போன், எல்லாம் நம் எல்லோருக்கும் பொது. எனக்குக் கூடுதலாக இன்னொரு வியாதியும் உண்டு. நான் மாட்டுவது பழைய லென்ஸ். என்னைவிட வயதில் மூத்தது. கையால் திருப்பினால்தான் ஃபோகஸ் ஆகும். அதைப் புதுக் கேமராவில் மாட்டிக்கொண்டு கேரள மலையில் பள்ளிவாசல் என்கிற எங்கள் ஊர், மூணாறு, கம்பம்மெட்டு, கீழே பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் என்று பத்து வருஷமாக அலைகிறேன். உங்களில் யாராவது இதே வியாதிக்காரராக இருந்தால் கீழே சொல்வதில் பாதியாவது உங்களுக்கும் நடந்திருக்கும்.

பாகப்பிரிவினை

என் மாமனார் ராசையா பள்ளிவாசல் ரோட்டில் ஒற்றைக் கதவு ஸ்டூடியோ வைத்திருந்தவர். சுற்றுவட்டாரத்து எஸ்டேட் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், கல்யாணம், காதுகுத்து, கம்பெனி அடையாள அட்டைக்கு ஆள் படம் எல்லாம் அவர் எடுத்ததுதான். டிஜிட்டல் வந்ததும் கடையைச் சாத்திவிட்டு, லென்ஸ்களைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். நான் மருமகளாகப் போனபோது அடிமாலியில் ஒரு கலர் லேபில் ஆல்பம் டிசைன் பண்ணிக்கொண்டிருந்தேன். நானும் படத்தோடு மாரடிக்கிறவள்தான் என்று தெரிந்தும் அந்தப் பெட்டியை அவர் எனக்கு ஒருநாளும் திறந்து காட்டியதில்லை. நானும் கேட்டதில்லை.

அவர் தவறிப்போய் முப்பதாம் நாள் முடிந்ததும் மூன்று மகன்களும் உட்கார்ந்து பேசினார்கள். மூத்தவர் சுடலைமுத்து, நான் பெரியத்தான் என்று கூப்பிடுவேன், அவர் வீட்டை எடுத்துக்கொண்டார். இளையவர் ஜீப்பை எடுத்துக்கொண்டார். நடுவில் பிறந்த என் வீட்டுக்காரர் கணேசன் தேயிலை ஃபேக்டரியில் இலை காயவைக்கும் டிரையர் ஓட்டுகிறவர். வாயைத் திறந்து எதையும் கேட்டுப் பழகாதவர். எங்களுக்கு ஒரு பீரோவும் அதன் மேலிருந்த தகரப் பெட்டியும் வந்தன.

பெட்டிக்குச் சாவி கிடைக்கவில்லை. பெரியத்தானே பூட்டைக் கல்லால் தட்டித் திறந்தார். உள்ளே வேட்டித் துணியில் சுற்றி மூன்று லென்ஸ்கள், மில்லிமீட்டர் கணக்கில்: அகலமாகக் காட்டும் இருபத்தெட்டு, நடுத்தரமான ஐம்பது, எட்ட இருக்கும் முகத்தைக் கிட்டே இழுக்கும் நூற்று முப்பத்தைந்து. அடியில், நெகட்டிவைக் காகிதத்தில் பெரிதாக்கும் என்லார்ஜரிலிருந்து கழற்றிய குட்டி லென்ஸ் ஒன்று, ஒரு கட்டு நெகட்டிவ் கவர்கள். நூற்று முப்பத்தைந்தைக் கையில் எடுத்தேன். இரும்பு உலக்கைப் பூண் மாதிரி கனம். ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினேன். அத்தனை வருஷம் சும்மா கிடந்தும் எண்ணெயில் வழுக்குவதுபோல் திரும்பியது. எனக்கு அதைக் கீழே வைக்க மனசு வரவில்லை. நான் அதையே திருப்பித் திருப்பிப் பார்ப்பதைப் பெரியத்தான் கவனித்தார். “கண்ணாடிதானம்மா, நீயே வச்சுக்கோ. கீழ போட்டு உடைச்சுக் கால்ல குத்திக்காத.”

இருக்கிறது, இல்லை

பழைய லென்ஸைப் புதுக் கேமராவோடு சேர்க்க நடுவில் ஒரு வளையம் வேண்டும். அதைத் தபாலில் வரவழைத்தேன். லென்ஸைத் திருகி, வளையத்தைக் கேமராவில் பொருத்தி, வாசலில் நின்ற கோழியைப் பார்த்துப் பொத்தானை அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. கோழி போய்விட்டது. மறுபடியும் அமுக்கினேன். ‘லென்ஸ் மாட்டப்படவில்லை’ என்று திரையில் எழுத்து வந்தது. தவணையில் வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத கேமரா. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் சேவை மையத்துக்குப் போன் போட்டேன். எடுத்த பையன் பொறுமைசாலி. முதலில் லென்ஸை மாட்டச் சொன்னான். மாட்டித்தான் இருக்கிறது என்றேன். கழற்றி மறுபடி மாட்டச் சொன்னான். செய்தேன். திரையில் என்ன வருகிறது என்று கேட்டான். லென்ஸ் இல்லை என்று வருகிறது என்றேன். அந்தக் கேமராவின் மெனுவில் எட்டாவது பக்கத்தில் ‘லென்ஸ் இல்லாமலும் படம் எடுக்கலாம்’ என்று ஒரு வரி இருப்பதும், அதை இயக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மின்தொடர்பு இல்லாத பழைய லென்ஸ் கேமராவுக்குத் தெரியாது என்பதையும் அந்த வரியையும் அன்று சாயங்காலம் நானாகத் தேடித்தான் கண்டுபிடித்தேன். அதற்கு முன்னால் அரை மணி நேரம் போராடிவிட்டு அவன் சொன்னது இதுதான். “நீங்க இருக்குன்னு சொல்றீங்க, கேமரா இல்லைன்னு சொல்லுது. நான் கேமராவைத்தான் மேடம் நம்பணும்.”

நல்லேப்பிள்ளிக் கல்யாணம்

சித்தூரில் கல்யாணப் படம் எடுக்கும் சதீஷ் எனக்கு லேபில் பழக்கம். அவனுடைய சொந்த ஊர் நல்லேப்பிள்ளி. ஒரு முகூர்த்த நாளில் அவனுடைய ஆள் வராமல் போக, அங்கே ஒரு விவசாயக் குடும்பத்துக் கல்யாணத்துக்கு என்னை இரண்டாவது கேமராவாகக் கூப்பிட்டான். நான் நூற்று முப்பத்தைந்தை மாட்டியதைப் பார்த்ததும் அவன் முகம் போன போக்கு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. மணவறைப் பக்கம் வரவேண்டாம், சொந்தக்காரர்களை மட்டும் எடுங்கள் என்று நாசூக்காகச் சொல்லிவிட்டான். அவன் மேல் தப்பில்லை. தாலி கட்டுவது ஒரு தடவைதான். தவறினால் மறுபடி கட்டு என்று யாரிடமும் சொல்ல முடியாது.

நான் பத்தடி தள்ளி ஒரு தூணில் சாய்ந்து நின்றேன். மாப்பிள்ளை கை எங்கே வரும் என்று கணக்குப் பண்ணி, பெண்ணின் கழுத்துக்கு ஃபோகஸைத் திருப்பி வைத்துவிட்டு விரலை எடுத்துவிட்டேன். கெட்டிமேளம் என்று சொன்னதும் யாரோ ஹோமத்தில் நெய்யை அள்ளி ஊற்றிவிட்டார்கள். குப்பென்று புகை. சதீஷின் கேமரா புகையைப் பார்த்து முன்னும் பின்னும் ஓடியது. ஃபோகஸ் நிற்கவில்லை. என் லென்ஸுக்குத் தானாக ஓடத் தெரியாதே. நான் நிறுத்தின இடத்தில் நின்றது. புகை கொஞ்சம் விலகிய ஒரு கணத்தில் மூன்று முடிச்சில் முதல் முடிச்சும், பெண் கண்ணை மூடியிருப்பதும், பின்னால் நாத்தனார் குனிவதும் ஒன்றாகக் கிடைத்தன.

மத்தியானம் பெண்ணின் அப்பா பார்க்கக் கேட்டார். சதீஷ் தன் கேமராவில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான், எல்லாம் வெள்ளைப் புகை. நான் என்னுடையதை நீட்டினேன். சதீஷ் அப்படியே பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். பெரியவர் வெகுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார். “ஏனுங்க அம்மணி, தம்பி கேமரா கடைசி மட்டும் தேடிட்டே இருந்துச்சு. உங்களுது மொதல்லயே பாத்து வெச்சிருச்சுங்க.”

ஏலக்காய்ப் பச்சை

பெருமையைச் சொன்ன வாயால் அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். கம்பம்மெட்டில் ஒரு ஏலக்காய் வியாபாரி, தரம் தரமாகப் பிரித்த காயைப் படம் எடுத்து வெளியூர் ஆட்களுக்குப் போனில் அனுப்ப வேண்டும் என்று கூப்பிட்டார். ஏலக்காயைப் பக்கத்தில் எடுக்க ஐம்பதுதான் சரி என்று அதை மாட்டினேன். நல்ல காய். பெரிசு பெரிசாக, நுனி உடையாமல். நானும் கீழே உட்கார்ந்து, குப்புறப் படுத்து, மூட்டை மேல் ஏறி, நாற்பது படம் எடுத்து அங்கேயே அவருக்கு அனுப்பினேன்.

அவர் தன் போனை எடுத்துப் பார்த்தார். பிறகு கையில் ஒரு காயை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். காய் பச்சை. படத்தில் பழுத்த எலுமிச்சை மாதிரி மஞ்சள் ஓடியிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் காலத்துக் கண்ணாடியில் சில வகை வருஷம் போகப் போக மஞ்சளித்துவிடும். முகத்தை எடுத்தால் மாலை வெயில் மாதிரி அழகாக இருக்கும் என்பதால் நான் அதுவரை கவனிக்கவே இல்லை. கம்ப்யூட்டரில் மஞ்சளை எடுத்துத் திருத்தித் தருகிறேன் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. காயை மறுபடி மூட்டையில் போட்டுவிட்டுச் சொன்னார்: “திருத்துனா படம் பச்சையாயிரும் தாயி. வாங்குற ஆளு, இவன் காயைத் திருத்திட்டான்னுல்ல சொல்லுவான்.”

கண்ணாடிக்குக் காவல்

மஞ்சளித்த கண்ணாடிக்கு மருந்து வெயில்தான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். வாரக்கணக்கில் நல்ல வெயில் பட்டால் தெளிந்துவிடுமாம். பள்ளிவாசலில் அது ஆடி மாதம். துவைத்த துணியே நான்கு நாள் ஈரமாகக் கிடக்கும் ஊரில் வெயிலுக்கு எங்கே போவது? சதீஷுக்குப் போன் போட்டேன். நல்லேப்பிள்ளிக் கல்யாணத்துக்குப் பிறகு அவன் என்னிடம் மரியாதையாகவே பேசுவான். அங்கே வெயில் பல்லைக் காட்டிக்கொண்டு அடிப்பதாகச் சொன்னான். லென்ஸைப் பஸ்ஸில் கொண்டுபோய், அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் அலுமினியத் தாள் விரித்து அதன்மேல் வைத்துவிட்டு வந்தேன். லென்ஸ் வழியாக வெயில் ஒரு புள்ளியாகக் குவிந்து விழும், துணி மேல் மட்டும் வைத்துவிடாதீர்கள் என்று சதீஷின் அம்மாவிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

அவர் அதை மூன்று வாரம் தினமும் காலையில் வெளியில் வைத்து, சாயங்காலம் உள்ளே எடுத்து வைத்திருக்கிறார். ஒருநாள் மட்டும் மறந்துபோய்ப் பக்கத்தில் சேலையைக் காயப்போட்டிருக்கிறார். முந்தானையில் நெல்லளவு ஓட்டை விழுந்துவிட்டது. நான் போய் வெள்ளைத் தாளின் மேல் லென்ஸை வைத்துப் பார்த்தேன். மஞ்சள் போயிருந்தது. தாள் தாளாகவே தெரிந்தது. சேலைக்கு வேறு வாங்கித் தருகிறேன் என்றதற்கு அவர் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார். “வடாம் காயப்போட்டா காக்கா ஓட்டோணும்னு தெரியும். இந்தக் கண்ணாடிக்கு நாமளே பயந்து ஓடோணும்னு இப்பத்தானுங்க தெரியுது.”

டிரையர் அறை

மழைக்காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை வரும் பயம் உங்களுக்குத் தெரியும். சமவெளிக்காரர்கள் பூஞ்சையைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். எங்கள் ஊரில் அது குடும்பத்தில் ஒரு ஆள். செருப்பில் இருக்கும், சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும், கல்யாணப் பட்டுப் புடவையில் இருக்கும். ஒரு வருஷம் இருபத்தெட்டின் ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி ஒரு கோடு தெரிந்ததும் எனக்குத் தூக்கம் போயிற்று. மறுநாள் வேலைக்குப் போகும்போது கணேசன் மூன்று லென்ஸையும் ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார். டிரையர் அறையில் மேலே ஒரு அலமாரி உண்டு. ஃபேக்டரியிலேயே ஈரம் அண்டாத இடம் அதுதான்.

ஒரு மாதம் பகலில் அங்கே, ராத்திரி வீட்டில் என்று டப்பா அவரோடு போய்வந்தது. ஒருநாள் டீ மேக்கர், அதாவது ஃபேக்டரியின் முழுப் பொறுப்பாளர், அறையைப் பார்வையிட வந்தார். தேயிலைக்குப் பக்கத்தில் வெளிப்பொருள் எதுவும் இருக்கக் கூடாது என்பது சட்டம். டப்பாவைத் திறக்கச் சொன்னார். கணேசனுக்கு வேலையே போய்விட்டதுபோல் ஆயிற்றாம். என் சம்சாரத்தோட லென்ஸ் சார், இதுலதான் அவ தொழில் பண்றா என்று மட்டும் சொல்லியிருக்கிறார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னைப் பற்றி அவர் வெளியில் சொன்ன மிக நீளமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். டீ மேக்கர் நூற்று முப்பத்தைந்தை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாராம். பிறகு மூடி வைத்துவிட்டுச் சொன்னாராம்: “இங்க வேண்டாம், வாசம் ஏறிரும். என் ஆபீஸ் அலமாரில ஈரம் அண்டாம பல்பு போட்டு வச்சிருக்கேன். அதுல கொண்டுபோய் வைங்க.”

ஃபில்டரின் பெயர்

மூணாறுக்கு மேலே ஒரு ரிசார்ட். விளம்பரப் படம் எடுக்க என்னைக் கூப்பிட்டவர் அதன் மேனேஜர், கொச்சிப் பக்கத்துக்காரர், மரியாதையான மனுஷர். புத்தம் புதிய லென்ஸ்தான் உபயோகிக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி அனுப்பியிருந்தார். போனதும் லென்ஸைப் பார்க்கக் கேட்டார். இருபத்தெட்டின் ஓரத்தில் என் மாமனார் களவு போகாமலிருக்க ஊசியால் ‘ரா’ என்று கீறி வைத்திருந்தார். அதை மேனேஜர் விரலால் தடவிப் பார்த்தார். ஒரு காலைப்பொழுது மட்டும் கொடுங்கள், பிடிக்கவில்லையென்றால் நான் வந்ததாகவே வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொன்னேன்.

முதல் காலை மஞ்சு, அதாவது மூடுபனி. எதிரில் நின்ற மரமே தெரியவில்லை. இரண்டாம் காலையும் அப்படியே. அவர் பெரிய மனசு பண்ணி மூன்றாம் காலையும் கொடுத்தார். பள்ளத்தாக்கில் மஞ்சு கலைகிற நேரம் சூரியன் லென்ஸுக்கு நேராக வந்தது. புது லென்ஸ் அந்த வெளிச்சத்தைத் துடைத்து எடுத்துவிடும். பழையது அதை உள்ளே விட்டுக்கொள்ளும். தேயிலைச் செடி மேலெல்லாம் பொன்னாகப் பரவி, நடுவில் கொழுந்து எடுக்கப் போகும் ஆட்களின் தலை மட்டும் தெரிந்தது. அந்தப் படம் கொச்சியில் அவர்களுடைய அலுவலகச் சுவர் முழுவதும் ஏறியது. பிறகு ஒருநாள் மேனேஜர் போனில் அழைத்தார். மேலிடத்தில் எல்லோரும் கேட்கிறார்கள், நான்தான் சொல்லித் தர வேண்டும் என்று தயங்கித் தயங்கித் தன் மலையாளத்தில் விஷயத்துக்கு வந்தார். “சேச்சி, ஆ ஃபில்டரிண்டெ பேரு ஒண்ணு பறஞ்சு தரூ.”

மூன்று மகன், மூன்று லென்ஸ்

ரிசார்ட் படம் ஊரில் பேச்சானதும் அது பெரியத்தான் காதுக்கும் போயிற்று. பழைய லென்ஸுக்கு இப்போது நல்ல மதிப்பு என்று தொடுபுழையில் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். டீயைக் குடித்து முடித்துவிட்டு, அப்பா சொத்தில் மூன்று பேருக்கும் சமபாத்தியதை உண்டு, மூன்று மகன், மூன்று லென்ஸ் என்றார். இளையவரை அங்கேயே போனில் கேட்டார்; அவர் எனக்கு எதுவும் வேண்டாம், மதினி கையில் இருப்பதே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். கணேசன் எழுந்து அண்ணன் முன்னால் போய் நின்றார். அவர் பேச வாயெடுக்கும் முன்னால் நானே சொல்லிவிட்டேன், எடுத்துக்கோங்க அத்தான் என்று. பெரியத்தானுக்கும் மாமா அப்பாதானே. பெரியத்தான் இருப்பதில் பெரிசாக நூற்று முப்பத்தைந்தை எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டு போனார். அன்று நான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு எட்ட நின்று முகம் எடுக்க லென்ஸ் இல்லை. ஐம்பதை மாட்டிக்கொண்டு மேடைக்குள்ளேயே ஏறி நிற்க வேண்டியதாயிற்று. கையில் இருந்த ஒரு விரல் போனதுபோல் இருக்கும். இரண்டு மாதம் கழித்துப் பெரியத்தான் மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. என்னைத்தான் படம் எடுக்கச் சொன்னார்கள். வேறு ஆளைக் கூப்பிட்டால் சொந்தம் சிரிக்கும் அல்லவா. நான் மேடையில் பெண்ணுக்கு மூன்றடியில் நின்றுகொண்டு, கீழே இருப்பவர்களுக்கு என் முதுகை மட்டும் காட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் முணுமுணுப்புக் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் பெரியத்தானைக் காணவில்லை. நலங்கு வைக்க ஆளைத் தேடுகிறார்கள், அவர் இல்லை. அரை மணி கழித்து ஜீப்பில் வந்து இறங்கினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே மேடைக்கு வந்து, துண்டில் சுற்றியதை என் கையில் வைத்தார். விற்கவில்லை. தூசுகூடப் படாமல் வைத்திருந்தார். அவர் என் முகத்தைப் பார்க்காமல் பந்தல் கால்களைப் பார்த்தபடி சொன்னார்: “இதை மாட்டிக்கிட்டுக் கீழ இறங்கி நில்லும்மா. நீ மறைக்கிறேன்னு சனங்க வையுறாங்க.”

பன்னிரண்டு பேர்

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எங்கள் லயத்துக்கு அடுத்த லயத்தில் பொன்னுத்தாயி அக்கா கொழுந்து எடுத்து மகளை வளர்த்தவர். மகள் வயிற்றில் இருக்கும்போதே புருஷன் காய்ச்சலில் போய்விட்டார். கல்யாணத்தின்போது படம் எடுக்க வசதியில்லை. அவருடைய முகம் இருந்த ஒரே இடம் கம்பெனி அடையாள அட்டை. அதைக் கரையான் தின்றுவிட்டது. அப்பா எப்படி இருப்பார் என்று மகளுக்குத் தெரியாது. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், மணவறையில் வைக்க அப்பா படம் வேண்டும் என்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள். அட்டைக்குப் படம் எடுத்தது ராசையா அண்ணாச்சிதான் என்று பொன்னுத்தாயி அக்கா உறுதியாகச் சொன்னார்.

தகரப் பெட்டியில் இருந்த நெகட்டிவ் கவர்களை எடுத்துக் கொட்டினேன். மாமா எதிலும் பெயர் எழுதவில்லை. ‘மேல் டிவிஷன், 12 பேர்’ என்று ஒரு கவர். பன்னிரண்டில் ஐந்தைப் பூஞ்சை தின்றிருந்தது. முகம் இருந்த இடத்தில் வெள்ளைப் பாசி. மிச்சம் ஏழு. என்லார்ஜரிலிருந்து கழற்றிய அந்தக் குட்டி லென்ஸை அதுவரை நான் எதற்கும் உபயோகித்ததில்லை. பக்கத்தில் இருப்பதை மூலைக்கு மூலை கூர்மையாக எடுப்பது அதுதான். அதைக் கேமராவில் மாட்டி, கீழே வெளிச்சம் வைத்து, ஏழு நெகட்டிவையும் ஒவ்வொன்றாக எடுத்தேன். அன்று எந்த முகம் எந்தக் கண்ணாடி வழியாக மாமாவின் காகிதத்தில் இறங்கியதோ, அதே கண்ணாடி வழியாக இப்போது என் கேமராவுக்குள் வருகிறது என்று நினைத்ததில் ஃபோகஸ் தவறியது. நான்கு தடவை திருப்பி எடுக்க வேண்டியதாயிற்று. கம்ப்யூட்டரில் கறுப்பை வெள்ளையாக்கினேன். ஏழு ஆண்கள் என்னைப் பார்த்தார்கள்.

பொன்னுத்தாயி அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். முதல் படம், இல்லை என்று தலையாட்டினார். இரண்டு, மூன்று, நான்கு. மகள் திரையைப் பார்க்கவில்லை, அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து. ஆறு. எனக்கு ஏழாவதைத் தட்டப் பயமாக இருந்தது. அது இல்லையென்றால் அந்தப் பாசி பிடித்த ஐந்தில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அதற்குள் அக்கா, நாலாவதை மறுபடி காட்டு என்றார். மீசையில்லாத ஒல்லியான ஆள். நாற்காலியில் இருந்து எழுந்து திரைக்குக் கிட்டே வந்தார். முகத்தை விட்டுவிட்டுச் சட்டைக் காலரை விரலால் தொட்டார். வெகுநேரம் தொட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மகளைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார். “இவுகதான் உங்கப்பா. இது உங்க மாமன் சட்டை. போட்டோவுக்குன்னு இரவல் வாங்கிட்டுப் போனவுக, கடைசி வரைக்கும் திருப்பிக் குடுக்கவே இல்ல.”

சதீஷுக்குப் பெண் பார்க்கிறார்கள்

போன மாதம் சதீஷ் வந்திருந்தான். இப்போது அவனிடம் இரண்டு புதுக் கேமரா, நான்கு புது லென்ஸ், ஒரு டிரோன், வேலைக்கு ஐந்து ஆட்கள். இருந்தாலும் பெரிய வீட்டுக் கல்யாணம் என்றால் என்னைத்தான் மணவறைக்கு எதிரில் நிற்கச் சொல்வான். அவன் ஆட்களிடம் என்னைக் காட்டி, புகை வந்தால் இந்த அக்கா எடுத்ததைத்தான் ஆல்பத்தில் வைப்போம் என்று அறிமுகப்படுத்துவான். அதைக் கேட்கும்போது நான் ஒன்றுமே நடக்காத மாதிரி லென்ஸைத் துடைத்துக்கொண்டிருப்பேன். உள்ளுக்குள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அன்று டீ குடித்துக்கொண்டே, பழைய லென்ஸ் ஒன்று கோயம்புத்தூரில் விலைக்குத் தேடியதாகவும், வாங்கிப் பார்த்ததில் ஃபோகஸ் வளையமே திரும்பவில்லை என்றும் சொன்னான். கடையில் வாங்குவது சரிப்படாது, வீட்டில் பத்திரமாக வைத்திருந்ததுதான் நன்றாக இருக்கும் என்று நான் சொன்னேன். யோசித்துக்கொண்டே தலையாட்டினான். கிளம்பும்போது பைக்கை ஸ்டார்ட் பண்ணிவிட்டு மறுபடி அணைத்தான். அம்மா தனக்குப் பெண் பார்க்கிறார்கள் என்றான். நல்ல செய்தி என்றேன். அவன் கொஞ்சமும் சிரிக்காமல் கேட்டான்: “மாமனார் ஸ்டூடியோ வெச்சிருந்த வூடா இருந்தாச் சொல்லுங்கக்கா. பொட்டிக்குச் சாவி இல்லீனாலும் பரவாயில்லீங்க.”

பத்து வருஷத்துக் கணக்கைச் சுருக்கிச் சொன்னால், படம் நன்றாக வந்தால் பெயர் மாமனாருக்கு, மங்கலாக வந்தால் திட்டு எனக்கு, அப்படியிருந்தும் நாளைக் காலை முகூர்த்தத்துக்கு அந்த லென்ஸைத்தான் துடைத்து வைத்திருக்கிறேன்.